உறுதியில் ஏறாத புகையிரதம்

கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டிலே பொறிக்கப்பட்ட இடம் அலுவிகாரை என்பர். அவ்வூர்ப் பக்கம் இன்று காணித் தரகர்கள் விளம்பரத்தில் பொறிப்பது யாது? புகையிரத நிலையம் அருகிலாம்! கண்டியிலே உத்தியோகம் பார்க்கலாமாம், இங்கே குடியிருக்கலாமாம்!

எவ்வளவு அருகில்? கோப்பியை ஏற்றிச் செல்ல 1880இல் இடப்பட்ட இருப்புப் பாதை மாத்தளை நகரோடு முடிந்துவிட்டது. அலுவிகாரையோ அதற்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர். நடப்பவருக்கு முக்கால் மணி நேரம். பாதையும் ஒற்றைத் தடம். மலை சரிந்தால் வண்டி நிற்கும். காலை வண்டி தவறிய எழுதுவினைஞருக்குத் தரகரா சம்பளம் கொடுப்பார்?

ஏமாறுபவர் யார்? தோட்டத்து லயத்திலே பிறந்து, படித்து ஆசிரியரானவர், தம் குடும்பத்தின் முதற்காணிக்காகச் சேமிப்பையெல்லாம் கொட்டுகிறார். மிளகும் கொக்கோவும் விளைந்த தோட்டத்தை மலிவாக விற்ற விவசாயியோ, அதே மண் பேர்ச் பேர்ச்சாக அறுக்கப்பட்டுக் கொள்ளை விலைக்குப் போவதைப் பார்த்து நிற்கிறார். பொதுமக்கள் பணத்தில் ஓடும் புகையிரதத்தைக் காட்டி இலாபம் பெறுபவர் இடையில் நிற்பவரே!

நிலையத்தின் உண்மைத் தூரத்தையும் வண்டிகளின் நேரத்தையும் காணி விளம்பரங்களில் கட்டாயமாக்க அரசு சட்டம் செய்யட்டும். அதுவரை, வாங்குவோரே, கையொப்பமிடுமுன் அக்காணியிலிருந்து நிலையம்வரை ஒரு காலை நடந்து பாருங்கள். உறுதியில் எழுதப்படுவது நிலம் மட்டுமே. புகையிரதம் அதில் ஏறுவதில்லை!