கூச்சத்துக்கு வட்டி

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் அப்பா வாங்கியதே இல்லை. தெற்கு மாட வீதிக் கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டதுமே, "சார், ஒடிக்காதீங்க, எல்லாம் பிஞ்சுதான்" என்று முன்கூட்டியே கெஞ்சுவார்கள். தேங்காயைக் காதோரம் ஆட்டுவார், தட்டுவார், வைத்துவிட்டு இன்னொன்றைத் தட்டுவார். ஒரு ரூபாய் மிச்சம் பிடித்த கதையை வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொல்வார். அப்படிப்பட்டவர்தான் 1996-இல், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்திலிருந்து ஒன்றரை லட்சம் ரூபாயைத் தியாகராய நகரில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டிவிட்டு வந்தார்.

வட்டி 22 சதவீதம். வங்கியில் அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கலாம். ஆனால் பணத்தைப் போடச் சொன்னவர் அப்பாவோடு இருபது வருஷம் ஒரே செக்‌ஷனில் உட்கார்ந்தவர். அவர் பணமும் அங்கேதான் இருந்தது. குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள், தினக் காலண்டர் ஒன்றும் ரெக்சின் பையும் கொடுத்தார்கள். இவ்வளவு மரியாதை செய்கிறவர்களிடம் எப்படிக் கணக்குக் கேட்பது?

1998-இல் வட்டி வருவது நின்றது. நின்ற முதல் மாதமே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நண்பரைத் தினமும் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பார்க்கிறார், சேர்ந்து ஆறு சுற்று நடக்கிறார். பேச்சு கிரிக்கெட்டையும் சர்க்கரை வியாதியையும் தாண்டவில்லை. "கேளுங்களேன்" என்று அம்மா நச்சரித்தாள். "எப்படிக் கேக்கறது? மனசு கஷ்டப்படுவான்" என்றார். மூன்று மாதம் போய், கம்பெனியின் ஷட்டர் இறங்கிய பிறகு, நண்பர் பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவருக்கும் அதே கூச்சம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க இப்படி இறங்கிய ஷட்டர்கள் ஏராளம். அதனால்தான் 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டம் ஒன்றைத் தமிழக அரசு கொண்டுவந்தது. கம்பெனியின் சொத்தையும் அதை நடத்தியவர்களின் சொத்தையும் அரசு முடக்கலாம். தனி நீதிமன்றம் அதை உறுதி செய்தால் ஏலம் விட்டு, வந்த தொகையைப் பணம் போட்டவர்களுக்கு விகிதப்படி பங்கிடலாம். நல்ல சட்டம். ஆனால் ஏலத்துக்கு வர ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும், வாங்கிக்கொள்ள ஆளும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய். அப்பா போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அதை வாங்க வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு நான் அலைந்த ஆட்டோ செலவை அம்மா இன்றுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதெல்லாம் பழைய கதை, ஜனங்கள் இப்போது உஷார் என்று நினைத்திருந்தேன். 2024-இல் எங்கள் பேட்டையிலேயே ஒரு நிதி கவிழ்ந்தது. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட், 1872-இல் தொடங்கியது. நூற்றைம்பது வருஷம் தாண்டிய நிறுவனம். பெயரிலேயே 'நிரந்தரம்' இருக்கிறது! தாத்தா போட்டார், அப்பா போட்டார், அதனால் நானும் போடுகிறேன் என்று போட்டவர்கள்தான் பெரும்பாலும், அதிலும் ஓய்வூதியக்காரர்கள். வட்டி பத்து, பத்தரை. ஆருத்ரா என்ற கம்பெனி போல மாதம் 25, 30 சதவீதம் என்று ஆசைகாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆருத்ராவில் பணம் போட்டவரைப் பேராசைக்காரர் என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிடலாம் (அதுவும் நியாயமில்லை என்பது என் கட்சி). இங்கே போட்டவர்களை அப்படிச் சொல்ல வாய் வராது. வங்கியைவிட இரண்டு மூன்று சதவீதம் கூட, அவ்வளவுதான். காசோலைகள் திரும்பின. சுமார் 5,000 பேருக்கு 525 கோடி ரூபாய் வரை திரும்பவில்லை என்று புகார் எழுந்தது. அதன் நிர்வாக இயக்குநர் தேவநாதன் யாதவை 2024 ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப் பிரிவு கைது செய்தது. அந்த வருஷம்தான் அவர் சிவகங்கையில் மக்களவைத் தேர்தலில் நின்றிருந்தார். குற்றச்சாட்டின் உண்மையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எனக்குக் கேள்வி வேறு.

'நிதி' என்று பெயர் வைத்திருக்கும் கம்பெனியை நாம் குட்டி வங்கி என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டப்படி அது வங்கி இல்லை. கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் கீழ் வருவது. வங்கி முழுகினால் ஓர் ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை அது வெறும் ஒரு லட்சம்தான். நிதிக்கு அந்தக் குடை கிடையாது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை. நிதியில் உறுப்பினர் மட்டுமே பணம் போட முடியும். ஃபிக்சட் டெபாசிட் போடுகிற ஒவ்வொருவருக்கும் குறைந்தது 100 ரூபாய்க்காவது பங்கு கொடுத்தாக வேண்டும். அதாவது டெபாசிட் ரசீதோடு வீட்டுக்கு வருகிற மாமி அந்தக் கம்பெனியின் பங்குதாரர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது. நகை, வீடு, டெபாசிட் ரசீது மாதிரி ஈடு இல்லாமல் நிதி கடன் தரக்கூடாது. டெபாசிட் தொகையில் பத்து சதவீதத்தை வங்கியிலோ தபால் நிலையத்திலோ தொடாமல் போட்டுவைக்க வேண்டும். வைத்திருக்கிறீர்களா என்று கேட்கலாம். கேட்கக் கூச்சமா, அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் வரவு செலவுக் கணக்கையும் முகம் காட்டாமல் பார்க்கலாம். கணக்கு அங்கே தாக்கலாகவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

நூற்றைம்பது வருஷம் என்பதை நாம் ஈடாக எடுத்துக்கொண்டோம். மதராஸ் இதற்கு முன்பும் அப்படி எடுத்துக்கொண்டு அடிபட்டிருக்கிறது. பாரி, பின்னி வரிசையில் வைத்துப் பேசப்பட்ட அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22 அன்று கதவைச் சாத்தியது. லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபாடியன் சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் பணத்தை விட்டுவிட்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் ரயிலில் விழுந்து உயிரை விட்டார். வெள்ளைக்காரன் கம்பெனி, சர் பட்டம் வாங்கியவர் தலைவர், இவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்று இருந்தவர்களின் சேமிப்பெல்லாம் போயிற்று. அப்போது பாதிக்கப்பட்டவர்களுக்காக முன்னின்றவர்களில் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முக்கியமானவர். ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் பங்கு சேர்த்து, 1907 ஆகஸ்ட் 15-இல் இந்தியன் வங்கியைத் திறந்தார்கள். கூச்சப்படாத ஒரு மயிலாப்பூர்க்காரர் என்று அவரை நான் மனதில் வைத்திருக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது லட்சம் ரூபாய். கச்சேரி ரோடு தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரலில் உயர்த்திய 8.2 சதவீத வட்டியில், வருஷத்துக்கு 1,64,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து வரும். ஓர் ஆள் 30 லட்சம் வரை போடலாம். அதையே பத்தரை சதவீதத்துக்குத் தனியாரிடம் போட்டால் 2,10,000. வித்தியாசம் 46,000. மாதத்துக்கு நாலாயிரம் ரூபாய்கூட முழுசாக இல்லை. முதல் போய்விட்டால், அந்த 46,000-ஐ மட்டும் உண்டியலில் போட்டு இருபது லட்சத்தைத் திரும்பச் சேர்க்க நாற்பத்துமூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். எழுபத்துநாலு வயதுக்காரர் நாற்பத்துமூன்று வருஷத்துக்கு எங்கே போவார்? மாதம் நாலாயிரம் பெரிய தொகை இல்லை என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கடை பில் அதுதான். அதனால்தான் போடுகிறார்கள்.

போன மார்கழியில் அடையாறு காந்தி நகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். காலையில் போன் வந்தது: உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, மும்பை போலீஸ் பேசுகிறோம், வீடியோவை அணைக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது. நான்கு மணி நேரம் சட்டையை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வைப்புத்தொகையை உடைத்து 'சரிபார்ப்புக் கணக்குக்கு' அனுப்பத் தயாராகிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி உறைமோர் கேட்டுக் கதவைத் தட்டினாள். திறக்காதே என்று போலீஸ் மிரட்டியது. மாமி விடுகிற ஜாதி இல்லை; பால் ஆறிப்போகிறது என்று காலிங் பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தாள். கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு, யாரு போன்ல?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் உடைந்தது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. பிரதமர் 2024 அக்டோபரில் வானொலியிலேயே அதைச் சொன்னார். இவர் அந்தச் செய்தியைப் படித்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. பணம் போய்விட்டால்கூட உடனே 1930-க்கு அடித்தால் போகிற வழியில் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, நேரம்தான் முக்கியம். இவருக்குப் பணம் போகவில்லை. ஆனாலும் புகார் கொடுக்க மாட்டேன் என்கிறார். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?

பணத்தைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று பிள்ளையிடம்கூடச் சொல்லாமல் போகிறவர்கள் எத்தனை பேர்! பத்து வருஷம் யாரும் தொடாத கணக்குகளின் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். அதைத் தேடுவதற்கென்றே 2023-இல் 'உத்கம்' என்று ஓர் இணையதளம் திறந்திருக்கிறார்கள். அப்பா பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்ப நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னைத் தூக்கி வளர்த்தவர் என்று சொல்லலாம். அம்மாவிடம் நலம் விசாரித்து, அறுபத்துமூவர் விழாவில் இந்த வருஷம் கூட்டம் எப்படி என்று பேசி, காபி வந்ததும் மெதுவாக ஆரம்பித்தார். தெரிந்த பையன் ஒருவன் நிதி கம்பெனி நடத்துகிறான், பதினொன்று தருகிறான், அம்மா பெயரில் கொஞ்சம் போடலாமே, நம்மவன்தான்.

வாய் உலர்ந்தது. ஆனாலும் கேட்டேன். "மாமா, போன வருஷக் கணக்கு இருந்தா ஒரு காப்பி கிடைக்குமா? பத்து பர்சென்ட் எந்த பேங்க்ல போட்டிருக்காங்கன்னும் கேட்டுச் சொல்லுங்களேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் சொல்றேனேடா" என்றார். பிறகு, மழை வரும்போல இருக்கிறது என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வானம் பளிச்சென்று இருந்தது.

அம்மா வந்து டபராவை எடுத்துப் பார்த்தாள். பாதி அப்படியே இருந்தது.

"ஏண்டா, சர்க்கரை கம்மியா போட்டுட்டேனா?"