தலைக்கணக்கும் வண்டிக்கணக்கும்

கோடை விடுமுறை நெருங்கினால் நாளிதழ்களில் சுற்றுலா விளம்பரங்கள் வரிசைகட்டி வருகின்றன. காசி-கயா எட்டு நாள், காஷ்மீர் ஆறு நாள், அந்தமான் ஐந்து நாள். ஊர் எதுவானாலும் விலை மட்டும் ஒரே முறையில்தான் அச்சாகிறது: நபர் ஒருவருக்கு இவ்வளவு. வீட்டில் அந்த எண்ணை ஆள்களின் எண்ணிக்கையால் பெருக்குகிறோம். பக்கத்தில் ரயில் டிக்கெட்டையும் அறை வாடகையையும் எழுதிக் கூட்டுகிறோம். நாமே போகலாம் என்றோ, அவர்களிடமே விட்டுவிடலாம் என்றோ முடிவெடுக்கிறோம். இரண்டில் எதை எடுத்தாலும் கணக்கு பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது. நிறுவனம் தலைக்கு விலை வைக்கிறது. பயணத்தின் பெரிய செலவுகளோ வண்டியையும் அறையையும் படகையும் பொறுத்து வருகின்றன. குடும்பப் பயணத்தில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இந்த வேறுபாட்டில்தான்.

தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் காசியையே எடுத்துக்கொள்வோம். வாரணாசியில் ரயிலைவிட்டு இறங்கி, கோயில்களையும் சாரநாத்தையும் பார்த்து, 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிரயாக்ராஜுக்கும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கயாவுக்கும் போய்த் திரும்ப ஐந்து நாள், நான்கு இரவு ஆகும். ரயில் செலவு தனி. மற்றதற்கெல்லாம் சேர்த்துத் தலைக்கு 20,000 ரூபாய் என்று ஒரு நிறுவனம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கு 40,000, ஆறு பேருக்கு 1,20,000.

நாமே ஏற்பாடு செய்தால் என்ன ஆகும்? இதற்கும் கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம். கார் நாளுக்கு 5,000 ரூபாய் என்றால் ஐந்து நாளுக்கு 25,000. இருவர் தங்கும் அறை இரவுக்கு 2,500. சாப்பாட்டுக்குத் தலைக்கு நாளுக்கு 600. படகு, ஆட்டோ, நுழைவுச் சீட்டுக்கு ஆளுக்கு 1,000. இருவர் போனால் கார் 25,000, அறை 10,000, சாப்பாடு 6,000, மற்றவை 2,000, ஆக 43,000. நிறுவனம் கேட்டதைவிட 3,000 ரூபாய் கூடுதல். ஆறு பேர் போனால் கார் அதே 25,000தான். மூன்று அறைகளுக்கு 30,000, சாப்பாடு 18,000, மற்றவை 6,000, ஆக 79,000. நிறுவனம் கேட்டதைவிட 41,000 ரூபாய் குறைவு. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் எண்கள் மாறும்; கணக்கின் போக்கு மாறாது. ஒருவரோ இருவரோ போகும்போது வண்டி வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. அவர்களுக்குக் குழுப் பயணமே சிக்கனம். ஒரு காரை நிரப்பும் குடும்பம் தலைக்கணக்கில் பணம் கட்டினால், நிறுவனம் மொத்தமாகப் பேசி எடுத்த வண்டிக்கும் அறைக்கும் சில்லறை விலை கொடுக்கிறது.

நாமே போடும் பட்டியலில் விட்டுப்போகிறவையும் நிறைய. வெளியூர் வாடகை வண்டிக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டருக்குக் குறையாமல் கட்டணம் என்று ஒரு கணக்கு உண்டு. ஓடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். ஓட்டுநர் பேட்டா, இரவு பேட்டா, சுங்கச்சாவடி, பார்க்கிங் எல்லாம் தனி. கயாவில் இறங்கிக்கொண்டு அங்கிருந்தே ரயில் ஏறினாலும் வண்டி வெறுமனே காசிக்குத் திரும்பும் தூரத்துக்கும் நாம்தான் பணம் தர வேண்டியிருக்கும். ஆறு பேரும் ஓட்டுநரும் ஏறிய பிறகு பெட்டிகளுக்கு இடம் எங்கே என்பதையும் வண்டி பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

நிறுவனத்தின் விலையில் மறைந்திருப்பவை வேறு வகை. அச்சாகும் விலை, மூன்று பேர் ஓர் அறையில் தங்குவதற்கானதாக இருக்கலாம். தனியாக வருபவருக்கு அறைக்கென்று கூடுதல் தொகை உண்டு. மதியச் சாப்பாடு, படகு, நுழைவுச் சீட்டு சேர்த்தியா என்பது கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்தில் கிடக்கும். சில மலிவு விலை ரயில் பயணங்களில், சில ஊர்களில் இரவுத் தங்கலே கிடையாது; குளித்து உடைமாற்ற ஒரு பொது அறை தருவார்கள். இளைஞர்களுக்கு அது பொருட்டில்லை. முழங்கால் வலியோடு வரும் எழுபது வயதுக்காரருக்கு அதுவே பயணத்தின் முதன்மையான தகவல். அதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டாமா?

ரயில் விஷயத்தில் அண்மைக் கால மாற்றங்கள் கணக்கை இரு பக்கமும் இழுக்கின்றன. முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1 முதல் குறைந்தது. சென்னையிலிருந்து காசி வழியாகப் போகும் கங்கா காவேரி வாரத்தில் இரண்டு நாள்தான். ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் பனாரஸ் போகும் வண்டிகள் வாரம் ஒருமுறைதான். விடுமுறையில் ஆறு பெர்த் ஒன்றாகக் கிடைக்க வேண்டுமானால் 60ஆவது நாள் காலையிலேயே உட்கார்ந்தாக வேண்டும். மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். பெற்றோரை அழைத்துப் போகும் குடும்பத்தின் செலவைக் கூட்டியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சலுகையைத் திருப்பித் தருவது தள்ளிப்போட முடியாத கடமை என்பேன். ஐந்து வயது நிரம்பி 12 ஆகாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். பெர்த் வேண்டாம் என்றால் பாதி. ஒன்றரை நாள் ஓடும் வண்டியில் பத்து வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் பட்டியலில் முழுக் கட்டணத்தையே எழுதிக்கொள்வது நல்லது. மறுபக்கம், 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. முதல் அரை மணி நேரம் முகவர்கள் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. டிக்கெட் என்றால் ஏஜென்ட் என்றிருந்த நிலை மாறி, சொந்தமாக எடுப்பவருக்குக் கொஞ்சம் முன்னுரிமை கிடைத்திருக்கிறது.

முழுப் பொறுப்பையும் கொடுத்துவிடுவது, முழுவதையும் நாமே செய்வது என்ற இரண்டு வழிகள்தான் உண்டு என்று ஏன் நினைக்கிறோம்? காசிக்குப் போன நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே காசியில் சத்திரம் அமைத்தார்கள். இன்றும் அங்கே தமிழில் பேசி அறை கேட்கலாம், நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிடலாம். பித்ரு காரியத்துக்குப் போகிறவர்கள் காசியில் வாழும் தமிழ் வாத்தியார்களுக்கு முன்கூட்டியே போன் செய்துவிடுகிறார்கள். பிரயாகை, காசி, கயா மூன்று இடத்துச் சடங்குகளும், தங்க இடமும், மடிச் சமையலும், வண்டியும் வாத்தியார் ஏற்பாட்டில் நடந்துவிடுகின்றன. ரயிலை மட்டும் குடும்பம் பார்த்துக்கொள்கிறது. தெரியாத ஊரில் எது சிரமமோ அதை உள்ளூர்க்காரரிடம் விட்டு, எது சுலபமோ அதைத் தான் வைத்துக்கொள்ளும் இந்த முறையைச் சடங்குக்கு மட்டுமல்ல, எந்தப் பயணத்துக்கும் கடைப்பிடிக்கலாம். ரயிலும் அறையும் நாம் எடுப்பது. ஊருக்குள் சுற்ற வண்டியையும், விவரம் தெரிந்த வழிகாட்டியையும் ஓரிரு நாளுக்கு அங்கேயே அமர்த்திக்கொள்வது. நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே குறைந்த செலவாக முடிகிறது.

பணத்தைவிட இதில் மிச்சமாவது நேரம். குழுப் பயணத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து கிளம்பியாக வேண்டும். நாற்பது பேரில் ஒருவர் தாமதித்தால் ஒரு கோயில் குறையும். ஆனால், பட்டுச்சேலைக் கடையில் மட்டும் வண்டி எப்படியோ ஒரு மணி நேரம் நின்றுவிடும். அந்தக் கடை தரும் கமிஷன் பயணத்தின் விலையில் எங்கேயோ கலந்திருக்கிறது. விலை குறைந்த குழுப் பயணங்கள் சிலவற்றில் குறைந்ததன் ஒரு பகுதியை இப்படித்தான் ஈடுகட்டுகிறார்கள். அனுமன் காட் பகுதியில் பாரதி தன் இளமைக் காலத்தில் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்த இடம் இருக்கிறது. தமிழ் படிக்கும் பிள்ளையைக் காசிவரை அழைத்துப் போய்விட்டு அந்தச் சந்துக்குள் கூட்டிப் போகாமல் திரும்புவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். அச்சடித்த பயணத் திட்டங்களில் அந்த வீட்டுக்கு இடம் கிடைப்பது அரிது. சொந்தமாகப் போகிறவர்களுக்கு அரைமணி நேரம் போதும்.

ஆனாலும், குழுப் பயணத்தைக் குறைத்துப் பேச முடியாத காரணம் ஒன்று உண்டு. கணவரை இழந்து, பிள்ளைகள் வெளிநாட்டிலோ வேலையிலோ இருக்க, தனியாகக் கிளம்பத் துணிவில்லாத அறுபது, எழுபது வயதுப் பெண்கள் எத்தனை பேர் இந்த யாத்திரைக் குழுக்களால் காசியையும் பத்ரிநாத்தையும் பார்த்திருக்கிறார்கள்! சமையல்காரரையும் பாத்திரங்களையும் கூடவே ஏற்றிக்கொண்டு, போகிற இடமெல்லாம் இட்லியும் ரசமும் செய்துபோட்டு, மருந்து வேளையை நினைவூட்டி அழைத்துப்போகும் சிறிய ஏற்பாட்டாளர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் பணத்தில் இந்தக் கவனிப்புக்கும் கூலி இருக்கிறது, அது நியாயமான கூலி.

நாமே திட்டமிடும்போது இந்தக் கூலி செலவுப் பட்டியலில் ஏறுவதில்லை. ஏறாததால் அது இல்லை என்று ஆகிவிடாது. வீட்டில் யாரோ ஒருவர் தன் உழைப்பாக அதைக் கொடுக்கிறார். வாரக்கணக்கில் விலை ஒப்பிட்டு, அறைக்கு அட்வான்ஸ் கட்டி, ஓட்டுநரிடம் இந்தியில் மல்லாடி, ரயில் தாமதமானால் அடுத்த ஏற்பாட்டை மாற்றி, மற்றவர்கள் கங்கையைப் பார்க்கும்போது தான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். பயணத்துக்கு முந்தைய நாள்வரை புளியோதரையும் பொடிகளும் செய்து கட்டுகிறவர் பெரும்பாலும் அம்மா. அவருக்கும் அது விடுமுறைதான் என்பதை வீடு மறந்துவிடுகிறது. ஆறு பேர் குடும்பம் மிச்சம் பிடிக்கும் 41,000 ரூபாயில் ஒரு பகுதியை எடுத்து, இந்த இருவரின் சுமையைக் குறைப்பதற்கே செலவிட வேண்டும் என்பேன். வழியில் சமைக்காமல் வாங்கிச் சாப்பிடுவதும், ஊருக்குள் ஒரு வழிகாட்டியை அமர்த்துவதும் அந்தச் செலவில் சேரும்.

வெளிநாட்டுப் பயணத்தில் இன்னொரு வேறுபாடு இருக்கிறது. விமானம், தங்கல், சுற்றிப்பார்த்தல் எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக இந்திய நிறுவனத்திடம் வாங்கினால், விலையோடு டிசிஎஸ் என்ற மூலத்தில் வசூலிக்கும் வரியையும் கட்டுகிறோம். விமான டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் அந்த வசூல் இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அந்தத் தொகையை ஈடுகட்டவோ திரும்பப் பெறவோ முடியும். ஓய்வூதியத்தில் வாழும் பெற்றோர் பெயரில் பணம் கட்டிவிட்டுக் கணக்கு தாக்கல் செய்யாமல் விடும் குடும்பங்களுக்கு அது வெறும் இழப்பு.

அரசு செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அவசரமானது. சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் அளிக்கும் அங்கீகாரம் விரும்பினால் பெறுவதுதான். இல்லாமலும் தொழில் நடத்தலாம். அறையில் எத்தனை பேர், எந்தெந்த வேளைச் சாப்பாடு, எந்த நுழைவுச் சீட்டு, எத்தனை கடை நிறுத்தம், ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பும் என்பதை ஒரே தாளில், தமிழில், முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுதிக் கொடுப்பதைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கலாம். நேர்மையாகத் தொழில் செய்யும் சிறிய ஏற்பாட்டாளர்களுக்கு இது நன்மையே செய்யும். மதியச் சாப்பாட்டை மறைத்து விலையைக் குறைத்துக் காட்டுகிறவர்களோடு அவர்கள் இன்று போட்டியிட முடியாமல் தவிக்கிறார்கள்.

அதுவரை அந்தத் தாளை நாமே கேட்டு வாங்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினாலும் போதும். சொன்ன அறை தராமல், சொன்ன ஊருக்கு அழைத்துப்போகாமல் ஏமாற்றினால் அதுவே சான்றாக உதவும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.