எல்லையோரத்து வேலைப் பேரம்

திருத்தணி எல்லையோரத்து ஊர். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி சித்தூர் ஜில்லாவினின்றும் பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இன்று எல்லைக்கு இப்பால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் யந்திரசாலைகள். அப்பால் தடாவுக்கருகே ஸ்ரீசிட்டி. இருபுறமும் ஆலைகள் எழுந்துவிட்டபடியால், இவ்வட்டாரத்து வாலிபன் இனி வேலை தேடி அலையவேண்டுவதில்லை, முதலாளியே அவனைத் தேடி வருவான் என்று சிலர் பேசுகின்றனர். விடியுமுன் கம்பெனி பஸ்கள் கிராமந்தோறும் ஆளேற்றிச் செல்வதைக் காண்போர்க்கு அது மெய்யென்றே தோன்றும். நமக்கு அவ்விதம் தோன்றவில்லை.

ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்பது பொருளாதார நூலின் பாலபாடம். ஆனால் கூலி ஏறத் தொடங்கியவுடன் சட்டம் குறுக்கே வந்து நிற்கும் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். இங்கிலாந்தில் 1348-49-இல் கொள்ளை நோயால் ஜனங்கள் ஏராளமாக மாண்டு, எஞ்சிய உழவர் அதிகக் கூலி கேட்டனர். நோய்க்கு முந்திய கூலிக்கு மேல் கேட்கலாகாது என்று 1349-இல் மூன்றாம் எட்வர்டு மன்னர் ஆக்ஞை பிறப்பித்தார். 1351-இல் பார்லிமெண்டு அதைச் சட்டமாக்கிற்று. நம் தேசத்திலும் 2020-இல் கொரோனா நோய்க்கஞ்சித் தொழிலாளர் லட்சக்கணக்கில் ஊர் திரும்பிய வேளையில், தொழிலாளர் சட்டங்களிற் பெரும்பாலானவற்றை மூன்று வருஷம் நிறுத்திவைக்க உத்தரப் பிரதேச சர்க்கார் முற்பட்டது. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவி அவர்களிற் பலர் ரயிலேறியபோது நம் முதலாளிகள் பட்ட கலக்கத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வதந்தி அடங்கிற்று, கலக்கமும் அடங்கிற்று, கூலி மாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

எல்லையின் இருபுறத்துச் சர்க்கார்களும் போட்டியிடுவது உண்மையே. ஆனால் அப்போட்டி முதலாளியை வேண்டி நடப்பது. 2023 ஏப்ரல் 21-ந் தேதி, தினம் 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறிற்று. தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழவே, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு வருஷங் கழித்து, 2025-இல், ஆந்திர மந்திரிசபை தினசரி வேலை வரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த ஒப்பிற்று. ஒரு பக்கத்தார் விட்டுக்கொடுத்ததை மறுபக்கத்தார் காட்டி, 'அங்கே போய்விடுவோம்' என்று கம்பெனிகள் பேரம் பேசலாம். திருத்தணி வாலிபன் அவ்வாறு பேசவியலாது. அவன் மூலதனம் அவனுடைய இரண்டு கைகள். அவை அவன் குடும்பம் இருக்கும் ஊரில் இருக்கின்றன.

அவன் யாரோடு பேசுவது என்பதே தெளிவில்லை. ஆலை வாயிலில் அவனைச் சேர்ப்பவர் காண்டிராக்டர். சம்பளம் கொடுப்பவரும் அவரே. சம்பள உயர்வு கேட்டால், 'கம்பெனியைக் கேள்' என்பவரும் அவரே. இவ்வித்தை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தறிக்காரரைக் கேட்டால் முன்பணத்தின் கதையைச் சொல்லுவார்கள். நூலும் முன்பணமும் கொடுத்தவரை விட்டு வேறிடம் போகவேண்டுமானால், முதலில் கடனைத் தீர்க்கவேண்டும். தறிக்காரரைக் கடன் கட்டிவைத்தது. காண்டிராக்டு ஆளைக் கட்டிவைப்பாரே இல்லை, எந்த நாளும் அனுப்பிவிடலாம். முந்தியதும் பிந்தியதும் பேரத்தில் ஒரே பலனைத்தான் தருகின்றன. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, நிரந்தர உத்தியோகம் என்று நம்பியிருந்தவர்களும் இவர்களோடு ஒரே வரிசையில் வந்து நின்றனர்.

ஆயினும் தராசு அசைந்த சமயங்கள் உண்டு. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் நோயுற்று ஆஸ்பத்திரிக்குப் போக, பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டனர். ஆலை வாரக்கணக்கில் நின்றது. கடல் கடந்த ஆப்பிள் கம்பெனியே அவ்வாலையைக் கண்காணிப்பில் வைக்க நேர்ந்தது. 2024 செப்டம்பர் 9-ந் தேதி சாம்ஸங் ஆலையில் சுமார் 1,500 பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். 37 நாள் நீடித்தது. அவர்கள் முக்கியமாகக் கேட்டது தம் சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கலாகாதென்பது நிர்வாகத்தின் ஆட்சேபம்! ஐகோர்ட்டு கெடு விதித்த பின்னரே 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, பின்னி கம்பெனியார் கோர்ட்டுக்குப் போய் வாடியாவின் கைகளைக் கட்ட முயன்று, அதன் விளைவாய் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்துக்கு 98 வயதான பின்னும் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய இவ்வளவு பாடு.

இவ்விரு கிளர்ச்சிகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாம்ஸங்கில் நின்றவர்கள் பல வருஷம் பழகிய நிரந்தரத் தொழிலாளர். ஒரு வாரத்தில் வேறு ஆளைப் பழக்கிவிட முடியாது. அதனால் அவர்களுக்குச் சங்கம் மிஞ்சிற்று. விடுதிப் பெண்களுக்கு விடுதி சீர்பட்டது, சங்கமில்லை.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள புதிய தொழிற்சட்டங்கள் இவ்வித்தியாசத்தை அகலமாக்கும் என்பதே நமது அபிப்பிராயம். எவ்வாலையிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 300 பேருக்குக் குறைந்த ஆலை சர்க்கார் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யலாம். முன்பு இவ்வெல்லை 100 பேர். குறித்த காலத்துக்கு மட்டும் ஆளமர்த்தவும் பூரண இடமுண்டு.

இந்நிலையில், கம்பெனிகளோடு உடன்படிக்கை செய்யும் மந்திரிகள், 'இத்தனை ஆயிரம் வேலை' என்று மொத்தக் கணக்கு மாத்திரம் சொல்வது போதாது. அவற்றுள் நிரந்தரம் எத்தனை, காண்டிராக்டு எத்தனை, நிலமும் மின்சாரமும் சலுகையாகப் பெறும் கம்பெனி சங்கத்தை அங்கீகரிக்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிப் பிரசுரிக்கவேண்டும். திருத்தணித் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் இக்கேள்வியை அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம்.