ராபர்ட் பெஞ்ச்லி என்னும் ஹாஸ்ய ஆசிரியர்

ஹாஸ்யம் எழுதுவோரை அறிஞர் சபையில் கடைசி வரிசையில் இருத்துவது எத்தேசத்திலும் உள்ள வழக்கம். கலாசாலைச் சஞ்சிகைகளிலும் இது கண்கூடு; ஆராய்ச்சி வியாசங்களும் செய்யுட்களும் முன்னே நிற்க, சிரிப்பூட்டும் கட்டுரைக்கு எங்கேனும் ஒரு மூலை ஒதுக்கப்படும். இவ்வழக்கம் தவறு என்பதே எமது கருத்து. இதனால் விளையும் கேட்டை அமெரிக்கரான ராபர்ட் பெஞ்ச்லியின் சரித்திரத்திற் காணலாம். அவரைப் பிறர் கடைசி வரிசையில் இருத்தவில்லை; தாமே சென்று அங்கு அமர்ந்து கொண்டார்.

அவர் 1889-ஆம் ஆண்டு மாஸசூஸெட்ஸ் மாகாணத்து உர்ஸ்டர் நகரிற் பிறந்தார். 1898-இல் நிகழ்ந்த ஸ்பானிய யுத்தத்தில் அவர் தமையனார் எட்மண்ட் மாண்டார். அத்தமையனாருக்கு மணம் பேசப்பட்டிருந்த பெண்மணியே பின்னர்ப் பொருளுதவி செய்து இளையவரை ஹார்வர்டு சர்வகலாசாலை வரையிற் படிப்பித்தார். அங்கே மாணவர் நடத்திய பரிகாசப் பத்திரிகையில் அவர் பேனா பழகிற்று. மீன்பிடி உரிமையைப் பற்றிய சர்வதேச வழக்கொன்றை ஆராயுமாறு பரீக்ஷையிற் கேட்டபோது, மீன்களின் சார்பாக நின்று விடையெழுதினார் என்று ஒரு கதை வழங்குகிறது. (நம் மாணவர் இதைப் பின்பற்றாதிருப்பது நலம்.)

அவர் குணத்தைக் காட்டும் நிகழ்ச்சி 1920-இல் நடந்தது. நியூயார்க்கில் ஒரு பிரபல சஞ்சிகையின் நிர்வாக ஆசிரியராக இருந்தார். உடன் உழைத்த டாரதி பார்க்கர் என்னும் அம்மையார் நாடகங்களைக் கடுமையாக விமர்சித்தார் என்பதற்காக விலக்கப்பட்டார். உடனே பெஞ்ச்லியும் தம் உத்தியோகத்தைத் துறந்தார். மனைவியும் இரு குழந்தைகளும் உடைய ஒருவர் செய்த செயல் இது. பிறரைச் சிரிக்கவைப்பவன் எதையும் பெரிதாகக் கொள்ளான் என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அவரை மேடைக்கு இழுத்தது ஒரு விளையாட்டு. 1922 ஏப்ரலில் நியூயார்க் எழுத்தாளர் சிலர் கூடி, தமக்குள் ஓர் இரவுக்கென வேடிக்கை நாடகமொன்று நடத்தினர். அதில் பெஞ்ச்லி, நோயுற்ற பொருளாளருக்குப் பதிலாகச் சங்கக் கணக்கை வாசிக்க வந்த துணைப் பொருளாளராகத் தோன்றினார். கூட்டத்தைக் கண்டு அஞ்சுகிறார், சிறு வேடிக்கை சொல்ல முயன்று தடுமாறுகிறார், தொகைகளைக் குழப்புகிறார், தொடங்கிய வாக்கியத்தின் முடிவு எங்கே என்று அறியாமல் தவிக்கிறார். ஆண்டுக் கூட்டம் நடத்தும் சங்கம் எவ்வூரில் உண்டோ அவ்வூரிலெல்லாம் இவரைக் காணலாம். நம் கலாசாலைச் சங்கங்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. இதன் சிறப்பு யாதெனின், அவர் யாரையும் ஏளனம் செய்யவில்லை. சாமானிய மனிதன் நாற்பது பேர் முன்னே நின்று படும் பாட்டைத் தாமே பட்டுக் காட்டினார். சிரிப்பவர் தம்மையே கண்டு சிரித்தனர்.

அந்த ஓரிரவு வேடிக்கை அவரை விட்டு அகலவில்லை. 1923-இல் வாரம் ஐந்நூறு டாலர் ஊதியத்தில் அதையே தொழில்மேடையில் நாள்தோறும் நடிக்க நேர்ந்தது. 1928-இல் அது பேசும் குறும்படமாயிற்று. பிறகு அத்தகைய படங்கள் பல தொடர்ந்தன. உறங்குவது எப்படி என்பதை விளக்கும் பாவனையிலமைந்த படம் 1935-இல் வெளிவந்து அகாடமிப் பரிசு பெற்றது. உறங்க விரும்புபவன் உறக்கத்தைத் தவிர மற்றெல்லாவற்றையும் செய்கிறான். சொல்பவரோ பெரும் பண்டிதர் போல விளக்கிக் கொண்டே போகிறார். இடையே 1929 முதல் 1940 வரை நியூ யார்க்கர் என்னும் வாரப் பத்திரிகையில் நாடக விமர்சகராகவும் பணியாற்றினார்.

சினிமாவே அந்த எழுத்தாளரைக் கெடுத்தது என்பார் பலர். இதனை யாம் முழுதும் ஒப்போம். அவர் கட்டுரையில் தடுமாறும் மனிதனே திரையிலும் தடுமாறினான். பேனாவும் நடிப்பும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை. கெடுத்தது வேறு. இங்கிலாந்தின் ஆன் ராணி காலத்துச் சரித்திரத்தை எழுத வேண்டுமென்று அவர் நெடுங்காலம் விரும்பினார், அதற்கெனப் புத்தகங்கள் வாங்கிக் குவித்தார், நூலோ வெளிவரவில்லை. அந்தச் சரித்திரமே மெய்யான பணி, தாம் செய்தது வெறும் விளையாட்டு என்ற எண்ணம் அவரை உள்ளே அரித்தது. 1943-இல், இனி எழுதுவதில்லை என்று அறிவித்தார். இளமையில் மதுவிலக்கை ஆதரித்து, முப்பது வயது கடக்கும்வரை மதுவைத் தொடாதிருந்தவர், பின்னர் அதற்கே அடிமையானார். 1945 நவம்பரில், ஐம்பத்தாறாம் வயதில், ஈரல் நோயால் நலிந்திருந்த நிலையில் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். குடிக்குக் காரணம் ஒன்றே என்று கூறல் பொருந்தாது. ஆயினும், தம் கைத்தொழிலைத் தாமே அற்பமென மதித்தவர்க்கு மனநிறைவு எங்ஙனம் வாய்க்கும்?

ஆன் ராணியின் காலத்தை ஆராய்ந்தெழுதச் சரித்திராசிரியர் பலர் இருந்தனர். அந்தத் துணைப் பொருளாளரைப் படைக்க மற்றொருவர் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆதலின் இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு மலரில், நன்றாக எழுதப்பெற்ற ஹாஸ்யக் கட்டுரை ஒன்று கிடைக்குமாயின், அதனை முதற்பக்கத்தில் இடுக. ஆராய்ச்சி வியாசம் எழுதிய மாணவர் வருந்துவாராயின், அதை யாம் பொறுத்துக் கொள்வோம்.