படிக்கவியலாத உடன்படிக்கைக்கு இசைவு எங்ஙனம்?

வாணிகத்திற்குச் சொல்லே முதல். விலையைச் சொல்லி, அளவைச் சொல்லி, தவணையைச் சொல்லிக் கைகொடுத்துப் பிரிந்த தமிழ் வணிகன், தான் எதற்கு உடன்பட்டான் என்பதை அறிந்தே உடன்பட்டான். இன்றோ, செல்பேசித் திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் ஒரு கட்டத்தைத் தொட்டவுடன், பல பக்க ஆங்கில உடன்படிக்கையொன்று அவன் கழுத்தில் சுருக்காய் விழுகின்றது. தொட்ட விரல் தமிழனுடையது. அவனைக் கட்டும் வரிகளோ அவன் அறியாத மொழியின! இதற்கு 'இசைவு' என்று பெயராம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 13-ஆம் பிரிவில், இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்பதே இசைவு என்று வரையறுக்கின்றது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பெற்ற 10அ பிரிவோ, மின்வடிவில் அமைந்தது என்னும் ஒரே கரணியத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கின்றது. தாளுக்கு மாற்றாகத் திரை வந்ததில் நமக்குப் பிணக்கில்லை. ஆனால், திரையில் எழுதியதை ஒருவன் படித்தறிய முடிந்ததா என்று கேட்பார் எவருமில்லையே! ஒருவன் எழுதியதை மற்றவன் படிக்கவே இயலாதபோது, 'ஒரே பொருள், ஒரே கருத்து' என்பது எங்கே இருக்கின்றது?

ஆங்கிலேயரின் பழைய வழக்கொன்றை எண்ணிப் பாருங்கள். வேல்சு நாட்டு இலாண்டுட்னோ நகரில் சிற்றுண்டிச்சாலை நடத்திய பெண்ணொருத்தி, வெண்சுருட்டு விற்கும் பொறியொன்றை வாங்க ஒப்பமிட்டாள். பொறி பழுதுபட்டது. வழக்குத் தொடுத்தாள். சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்த பொறுப்புத் துறப்பு வரிகளைக் காட்டி விற்றவன் தப்பினான். ஒப்பமிட்டவர் படித்தாரா, இல்லையா என்பது பொருட்டன்று என்று 1934-இல் முறைமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாடே 1977-இல் தனிச்சட்டம் இயற்றி அத்தகைய துறப்புகளுக்குக் கடிவாளம் இட்டது. அவளுக்கேனும் அது படிக்கத் தெரிந்த மொழி! நம் மளிகைக் கடைக்காரனுக்கு?

அவ்வுடன்படிக்கைகளில் பொதுவாகக் காணப்பெறுவன எவை? தரகுக் கட்டணத்தை நிறுவனம் தன் விருப்பம்போல் மாற்றலாம். வணிகனின் கணக்கை முடக்கலாம். அவனுக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்தி வைக்கலாம். வழக்கெனில் பெங்களூரிலோ மும்பையிலோதான் தொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பு இருப்பினும் ஆங்கிலப் படியே செல்லும்! வழக்கின் முடிவில் நலன் உடைய ஒரு தரப்பே தனி நடுவரை அமர்த்துதல் ஆகாது என 2019-இல் உச்ச முறைமன்றம் உரைத்தது. அதனைத் திருநெல்வேலிச் சிறுகடைக்காரனுக்கு எடுத்துச் சொன்னவர் யார்? அதே ஆண்டில் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தான் வாழும் ஊரிலேயே முறையிடும் உரிமையை நுகர்வோனுக்குத் தந்தது. வாணிக நோக்கில் பெற்றவனோ, அது தன் சொந்த உழைப்பின் பிழைப்புக்கே என்று மெய்ப்பித்தாலன்றி, அதன் நிழலிலும் ஒதுங்க முடியாது.

அறிந்த மொழியில் அறிவிப்பதே நேர்மை என்பதை ஆள்வோர் அறியாதவரல்லர். கடன் பற்றிய முதன்மைச் செய்திக் குறிப்பு, கடன் வாங்குவோர்க்குப் புரியும் மொழியில் எழுதப்பெற வேண்டும். அதனை அவர்க்கு விளக்கவும் வேண்டும் என்று 2024 ஏப்பிரல் 15-இல் இந்திய ரிசர்வு வங்கி ஆணையிட்டது. சிறுதொழில் தவணைக் கடன்களும் அதில் அடங்கும். 2023-ஆம் ஆண்டின் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவு வேண்டும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை அளிக்கின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தபோது, இசைவு பற்றிய பிரிவுகளுக்கு 18 திங்கள் தவணை தரப்பெற்றது. அப்படியாயின், பிறந்தநாளைக் கேட்பதற்குத் தமிழ் வேண்டும். பிழைப்பையே பறிக்கும் உடன்படிக்கைக்குத் தமிழ் வேண்டா என்பது என்ன முறை?

மொழிபெயர்த்தால் செலவு மிகும் என்பர். பொருளை விற்கத் தமிழில் விளம்பரம் செய்யப் பணம் உண்டு. பொறுப்பைச் சொல்லத் தமிழுக்கு மட்டும் பணமில்லையோ? தமிழில் சட்டச் சொற்கள் இல்லை என்பர். மாவட்ட முறைமன்றங்களில் தமிழில் சான்றுரைக்கவும் தீர்ப்பெழுதவும் சட்டம் இடந்தந்திருக்கையில், இவ்வுரை வெறும் சோம்பலின் உரை!

கனடாவின் கியூபெக்கு மாநிலத்தைப் பாருங்கள். ஒருவரே எழுதி மற்றவர் மறுபேச்சின்றி ஏற்க வேண்டிய ஒப்பந்தங்களைப் பிரெஞ்சு மொழியில் முதலில் தந்த பின்னரே, விரும்பியவர் வேறுமொழிப் படிக்கு உடன்படலாம் என்னும் நெறி, 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே கடுமையாக்கப்பெற்றது. நமக்கும் வழி அடைபட்டிருக்கவில்லை. ஒப்பந்தம் என்பது ஒருங்கியல் பட்டியலின் 7-ஆம் இனம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றலாம். நடுவணரசின் சட்டத்தோடு முரண்படின், அரசமைப்பின் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறலாம். தமிழ்ப்படி தராத மின் உடன்படிக்கை தமிழ்நாட்டுச் சிறுவணிகனைக் கட்டாது; இரு படிகளும் முரண்பட்டால் தமிழ்ப்படியே செல்லும். இவ்விரு வரிகள் போதும்!

அதுவரை வாளாவிருத்தல் வேண்டா. கடன் வாங்குங்கால் குறிப்பைத் தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. உடன்படிக்கையின் படியை எடுத்து வையுங்கள். தமிழ்ப்படி வேண்டுமென எழுத்தில் கேளுங்கள். மறுப்பையும் எழுத்திலேயே வாங்குங்கள். வணிகர் சங்கங்கள் ஊர்தோறும் இதனைத் தீர்மானமாக்குக! அறியாமல் தொட்ட விரலுக்குத் தண்டம் கட்டும் இழிநிலை நம்மோடு ஒழிக!