புது லாரிக்குப் பழைய பீப்பாய் எண்ணெய் ஆகுமா?

நெல்லையும் காய்கறியையும் சந்தைக்குக் கொண்டுபோக நமது மிராசுதார்களிற் பலர் சொந்தமாகவே டீசல் லாரி வைத்துக்கொள்ளுகிறார்கள். இது மெச்சத்தக்கதே. ஆயினும், பழைய டிராக்டருக்கென்று வாங்கிய பீப்பாய் எண்ணெயையே புது லாரிக்கும் வார்க்கும் வழக்கம் பல பண்ணைகளில் இருக்கிறது. அது ஒழியவேண்டுமென்பதே என் அபிப்பிராயம்.

1-4-2020 முதல் நாடெங்கும் விற்கப்படும் புது வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட்டவை. இவ்வகை டீசல் லாரிகள் பெரும்பாலானவற்றில் புகைக்குழாயில் கரிவடிகட்டி ஒன்று உண்டு. அதில் தங்கும் கரி, ஏறக்குறைய 600 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் எரிந்து வாயுவாகிவிடும். ஆனால் எஞ்சின் எண்ணெயிற் கலந்துள்ள கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் முதலியன சாம்பலாகி அங்கேயே தங்கும். அடுப்பில் விறகு எரிந்துபோனாலும் சாம்பலை நாம்தானே வாரவேண்டும்? சாம்பல் மிகுந்தால் வடிகட்டி அடைபட்டு, எஞ்சின் வலுக் குன்றும்.

பழைய எண்ணெயே நயமானதென்று சிலர் வாதிப்பர். அந்நாளில் அது மெய்யே. பாரத் ஸ்டேஜ் 3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்குவரை கந்தகம் இருக்கலாம். அதனால் உண்டாகும் அமிலத்தை முறிக்கக் காரச்சத்து மிகுதியாய் வேண்டியிருந்தது. இப்பொழுதைய டீசலில் கந்தகம் 10 பங்குக்கு மேற்படலாகாது. ஆகவே அவ்வளவு காரமும், அதனால் வரும் சாம்பலும் வேண்டியதில்லை.

எண்ணெய் வாங்குவோர் டப்பாவின் மேலுள்ள எழுத்துக்களைக் கவனிக்கவேண்டும். 15டபிள்யூ-40 என்பது எண்ணெயின் கெட்டித்தன்மையை மட்டுமே குறிக்கும். தரத்தைக் காட்டுவது ஏ.பி.ஐ. குறியாகும். சி.ஐ.-4 பழைய ரகம். சி.ஜே.-4, சி.கே.-4 ரகங்களில் சாம்பல் நூற்றுக்கு 1 பங்குக்கு மேற்படலாகாது. 2016 டிசம்பரில் வந்த சி.கே.-4 பழைய எஞ்சின்களுக்கும் பெரும்பாலும் பொருந்துமாதலால், ஒரே பீப்பாய் வைக்க விரும்புவோர் இரண்டு வண்டிகளின் கைப்புத்தகங்களையும் பார்த்து அதையே வைக்கலாம். எஃப்.ஏ.-4 மெல்லிய ரகம். கைப்புத்தகத்தில் எழுதியிருந்தாலன்றி அதைத் தொடலாகாது. கடைக்காரர் சொல்லும் கைப்புத்தகமும் மாறுபட்டால் கைப்புத்தகமே பிரமாணம்.

என் சரகத்தில் ஒரு விவசாயி இரண்டு வருஷம் பழைய ரகத்தையே வார்த்துவந்தார். சம்பா அறுவடையின்போது லாரி வழியில் நின்றது. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தபோது சாம்பல் இறுகிக் கிடந்தது. வேலை முடிய ஆறு நாள் சென்றது. களத்திற் கிடந்த நெல் மழையில் நனைந்தது. எண்ணெயில் மிச்சம்பிடித்தது எத்தனை, நெல்லில் இழந்தது எத்தனை என்று அவரே கணக்கிட்டு வருந்தினார்.

இன்னொரு எச்சரிக்கை: நெடுந்தூரம் ஓடாத வண்டியில் கரி முற்றும் எரியாமல், டீசல் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்வதுண்டு. அளவுகோலில் எண்ணெய் மட்டம் ஏறினால் அது லாபமன்று. எண்ணெயை மாற்றவேண்டியதன் அறிகுறி.

கூட்டுறவுச் சங்க லாரி உள்ள கிராமங்களில், எந்த ரக எண்ணெய் என்பதை வண்டியிலேயே எழுதி ஒட்டிவைக்கும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் சிரத்தையுடன் ஏற்பாடு செய்வார்களாக.