குற்றவாளி கையா, துணியா?

கார் வாங்குவதென்றால் நம்மவர்கள் லேசில் முடிவு செய்துவிடுவதில்லை. மைத்துனரைக் கேட்பார்கள், மெக்கானிக்கைக் கேட்பார்கள், நல்ல நாள் பார்ப்பார்கள். வெள்ளையா, சிவப்பா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடக்கும். லட்சக்கணக்கில் பணம் கட்டி, வண்டி வாசலுக்கு வந்ததும், மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. மறுநாள் காலையில் அதைத் துடைக்க ஒரு துணி வேண்டும் அல்லவா? அங்கேதான் நமது தாராளம் நின்றுபோய்விடுகிறது. கிழிந்த பனியன், பழைய லுங்கி, சிக்னலில் வாங்கிய மஞ்சள் துணி, எது கைக்கு அகப்படுகிறதோ அதுவே போதும் என்று விட்டுவிடுகிறோம்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மைக்ரோபைபர் துணி வாங்கிக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தத் துணி கறுத்து, விறைத்து, கருவாடு மாதிரிக் குழாயடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கொண்டுதான் தினமும் வண்டியைத் துடைக்கிறார்கள்!

சென்னை நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு வாளியும் ஒரு துணியுமாக ஒருவர் வருகிறார். பத்து, பதினைந்து வண்டிகளை வரிசையாகத் துடைத்துவிட்டு, எட்டு மணிக்குள் அடுத்த வேலைக்கு ஓடுகிறார். வண்டிக்கு மாதம் சில நூறு ரூபாய் கூலி. ஒரு நாள் சொந்தக்காரர் வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்க்கிறார். பானெட்டின் மேல் சிலந்தி வலையைப் போல வட்ட வட்டமாகக் கீறல்கள்! உடனே விசாரணை ஆரம்பமாகிறது.

“என்னப்பா இது? புது வண்டியை இப்படிப் பாழ் பண்ணி வைத்திருக்கிறாயே!”

“நான் மெதுவாத்தான் சார் துடைக்கிறேன்.”

“மெதுவாகத் துடைத்தால் கீறல் எப்படி வரும்?”

அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கூலியில் பிடித்துக்கொள்வேன் என்ற மிரட்டலோடு விசாரணை முடிகிறது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், முக்கியமான சாட்சி ஒன்றை விசாரிக்க வேண்டும் என்பது நமது கட்சி. அந்தச் சாட்சி, துணி.

துணியின் கதை

இழையின் மென்மையை டெனியர் என்ற கணக்கால் அளக்கிறார்கள். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடையோ, அத்தனை டெனியர். மைக்ரோபைபர் என்பது 1 டெனியருக்கும் குறைந்த இழை. அதாவது, ஒன்பது கிலோ மீட்டர் நீளத்துக்கு நூற்றாலும் ஒரு கிராம் எடைகூடத் தேறாது! 1970-ல் ஜப்பானிய டோரே கம்பெனியின் விஞ்ஞானி மியோஷி ஒகமோட்டோ, மெல்லிய தோலைப் போன்ற செயற்கைத் துணி ஒன்றைச் செய்வதற்காக இத்தகைய நுண்ணிய இழையை உண்டாக்கினார். அந்த வம்சத்தில் வந்ததுதான் இன்று கார் துடைக்கும் துணி.

பெரும்பாலும் இதில் 80 பங்கு பாலியஸ்டர், 20 பங்கு நைலான் இனத்தைச் சேர்ந்த பாலியமைடு. சில துணிகளில் 70-க்கு 30. இரண்டையும் ஒரே இழையாக நூற்று, பிறகு ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாகப் பிரிப்பதுபோல் அந்த இழையைப் பிளக்கிறார்கள். சுளைகளின் ஓரங்களும் இடுக்குகளும் தூசியைக் கவ்விக்கொள்கின்றன, தண்ணீரை உறிஞ்சிக்கொள்கின்றன. பருத்தித் துணி தூசியை இங்கிருந்து அங்கே தள்ளும். இது எடுத்து வைத்துக்கொள்ளும்.

இந்தக் குணமே இதன் தோஷமும் ஆகும். பிடித்ததை இது எளிதில் விடாது. தெருப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. வண்டியின் பெயிண்டுக்கு மேலே பூசியிருக்கும் கண்ணாடி போன்ற கிளியர் கோட்டைவிட அந்த மணல் எத்தனையோ மடங்கு கடினமானது. கிளியர் கோட்டின் கனமோ சுமார் 40 மைக்ரான்தான். நமது தலைமயிரின் பருமன்கூட இல்லை. துவைக்காத துணியில் நேற்றைய மணல் இருக்கிறது; பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் மணலும் இருக்கிறது. இன்று அதை எவ்வளவு மெதுவாகத் தேய்த்தாலும் அது உப்புக் காகிதத்தின் வேலையைத்தான் செய்யும். மணிரத்தினம் போன்ற கையாக இருந்தாலும் கீறல் விழத்தான் செய்யும்.

எப்படித் துவைப்பது?

முதலில் ஜாதி பிரிக்க வேண்டும். மனிதரில் கூடாது, துணியில் அவசியம்! வண்டியின் உடம்புக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, உள்ளே டாஷ்போர்டுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. நிறத்தை வைத்து அடையாளம் வைத்துக்கொள்ளலாம். சக்கரம் துடைத்த துணியில் பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் இருக்கும். ஆகவே அதை மற்றவற்றோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. வீட்டுப் பருத்தித் துணிகளோடு போடுவதும் தவறு. பருத்தியின் பஞ்சு இந்த இடுக்குகளில் ஏறிக்கொண்டு, பிறகு கறுப்பு வண்டியின் மேல் வெள்ளை வெள்ளையாக உதிரும்.

மெழுகு, பாலிஷ் துடைத்த துணியைக் காயவிடாமல் உடனே ஊறவைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மெழுகு இறுகிப் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில், திரவ சோப்பு கொஞ்சமாகப் போட்டு, கையால் அலசினாலே போதும். வாஷிங் மெஷினிலும் மென்மையான சுற்றில் போடலாம். துவைக்கிற கல்லில் போட்டு அடிக்க வேண்டாம். கல்லிலிருக்கும் மண்ணைத் துணி வாங்கிக்கொள்ளும். சவுக்காரக் கட்டியும் வேண்டாம். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் சவுக்காரம் திரிந்து, பிசுபிசுப்பாக இழைகளை அடைத்துவிடும். சோப்புத் தூள்தான் இருக்கிறது என்றால், அதைத் தனியாகக் கரைத்து, ஒரு பொடிகூட இல்லாமல் தெளிந்த பிறகு துணியைப் போடுங்கள்.

நான்கு விஷயங்களை அடியோடு விலக்க வேண்டும். ஒன்று, துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம். சேலைக்கு அது சரி. இங்கே அது இழையின் மேல் எண்ணெய்ப் பசைபோல் படிந்து, தண்ணீரை உறிஞ்சும் சக்தியைக் குறைத்துவிடும். இரண்டு, பிளீச்சிங் பவுடர். அதிலுள்ள குளோரின் நைலானை அரித்துவிடும். மூன்று, கொதிக்கும் தண்ணீர். நான்கு, இஸ்திரிப் பெட்டி. பாலியஸ்டரும் நைலானும் சூட்டில் இளகும் வஸ்துக்கள். நுண்ணிய இழைகள் இறுகிப் போனால் பழைய மென்மை திரும்பாது.

அலசிய தண்ணீர் தெளிவாக வரும் வரையில் அலசி, உதறி, புழுதி படாத இடத்தில் நிழலில் உலர்த்துங்கள். காம்பவுண்டுச் சுவரில் போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவிலோ பையிலோ வைத்துவிட வேண்டும். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மறுபடி பெயிண்டின் மேல் வைக்கக் கூடாது. புதுத் துணியானால் ஓரத்தில் தைத்திருக்கும் கம்பெனி முத்திரையை முதலில் பிரித்து எடுத்துவிடுங்கள், அதுவே கீறும்.

கிழடு தட்டிய துணியைக் கண்டுபிடிப்பதும் சுலபம். நல்ல துணி உள்ளங்கையின் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைச் சொட்டினால் உடனே குடிக்கும். துவைத்த பின்னும் விறைப்பாக இருந்தால் பதவி இறக்கம் செய்துவிட வேண்டியதுதான். வண்டி உடம்பிலிருந்து கதவு இடுக்குக்கு, அங்கிருந்து சக்கரத்துக்கு, கடைசியில் இஞ்சினுக்கு.

தண்ணீருக்கு எங்கே போவது?

“குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கார் துணிக்கு இத்தனை உபசாரமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னை வாசிகள் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நின்றதை யாரும் மறக்கவில்லை. ஆனால் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு வண்டியைக் குளிப்பாட்டுவதுதான் விரயம். ஒரு வாரத்துத் துணிகளைச் சேர்த்து அலச இரண்டு, மூன்று வாளி போதும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று தினமும் வறண்ட புழுதியின் மேல் துணியை இழுப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு நாள் ஈரத்துணியால் ஒழுங்காகத் துடைப்பது மேல்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தத் துணி பிளாஸ்டிக்கின் உறவு. இங்கிலாந்தில் பிளிமத் சர்வகலாசாலையார் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 6 கிலோ பாலியஸ்டர் துணியை மெஷினில் ஒரு முறை துவைத்தால் ஏறக்குறைய ஐந்து லட்சம் இழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகலாம் என்று கணக்கிட்டார்கள். அவை கடைசியில் ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகும். ஆகவே முரட்டுத்தனமாகத் துவைத்து, மூன்று மாதத்தில் எறிந்து, மறுபடி மலிவாக ஒரு கட்டு வாங்குவது கெட்டிக்காரத்தனம் அல்ல. நல்லதாக ஆறு துணி வாங்கி, சேர்த்து வைத்து, பக்குவமாகத் துவைத்து, நெடுநாள் உபயோகிப்பதே சிக்கனம்.

யார் துவைப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி. பதினைந்து வண்டிக்கு ஒரே துணியோடு ஓடுகிற மனிதர், உங்கள் துணியைத் தனியாக ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்துவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவருக்கு அங்கே குழாய் உண்டா? கயிறு கட்ட இடம் உண்டா? அந்த வேலைக்கு யாராவது கூலி பேசினார்களா? மார்கழிக் குளிரில் தண்ணீரில் கை விறைக்க நிற்பவர் அவர். கீறலுக்குப் பழி ஏற்பவரும் அவரே!

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு வண்டிக்கும் அந்தந்த வீட்டுத் துணி இருக்கட்டும். அழுக்குத் துணி மாலையில் வீட்டுக்கு வரட்டும். வாரம் ஒரு முறை வீட்டிலேயே துவைத்து, சுத்தமாகத் திருப்பிக் கொடுங்கள். துவைப்பதையும் அவரே செய்ய வேண்டுமென்றால், அதற்குத் தனிக் கூலி பேசுங்கள். குடியிருப்போர் சங்கங்கள் ஒரு குழாயும், புழுதி படாத மூலையில் ஒரு கொடியும் ஏற்பாடு செய்து கொடுத்தால் பெரிய செலவாகிவிடாது. கீறலைப் பாலிஷ் போட்டு மறைக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த 40 மைக்ரானில் கொஞ்சத்தைச் சுரண்டித்தான் மறைக்கிறது. உழைக்கிறவர் மேல் வீணாக விழுந்த பழிக்கோ பாலிஷும் கிடையாது.

அடுத்த தடவை வண்டியில் கீறல் கண்டால், கூலியில் பிடிப்பதற்கு முன்னால் அவர் கையிலிருக்கும் துணியை வாங்கித் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், விசாரிக்க வேண்டிய ஆள் அவர் அல்ல.